“கீயத?” என்று கேட்டால் என்ன சொல்வது?

பெற்றோல் செட்டில் காத்து அடிக்கிற அண்ணா குழாயை இழுத்துக்கொண்டு வந்து கேட்கிற ஒரே கேள்வி அதுதான். கீயத? எவ்வளவு? இந்தக் கேள்விக்கு எங்கட வீடுகளில் நாங்கள் கேட்டு வளர்ந்த பதில்கள்: “சாமான்ய விதியட்ட”, “வழமை போல”, “நீங்களே பாத்து அடிங்க”, “முப்பது காணும்”. வெள்ளவத்தையில் ஒரு அப்பா, கொட்டாஞ்சேனையில் இன்னொரு அப்பா. கார் வேற, சில்லு வேற, பதில் ஒன்றுதான்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு டயரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். போன ஓகஸ்ட் வரை எங்களுக்கும் ஒரு வேலையும் இருக்கவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஐந்து பேர் வெளிக்கிட்டோம். எங்களில் ஒருத்தியின் அப்பாவுடைய கார், ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனில் வந்தது, வயதில் எங்களுக்குக் கொஞ்சம்தான் இளையது. காலமை நாலரைக்கு ஒழுங்கைக்குள் நிறுத்தி, நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டாஷ்போர்ட்டில் கொச்சிக்கடை அந்தோனியார், கொட்டாஞ்சேனை நண்பனின் அம்மா தந்துவிட்டது. டிக்கியில் ஐந்து பேரின் பைகளும், கனடாவிலிருந்து வந்த மாமி யாழ்ப்பாணத்துச் சொந்தங்களுக்குக் கொடுத்துவிட்ட, ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குக் குறையாத ரெண்டு சூட்கேஸும். முதல் நாள் பின்னேரம் அங்கிள் தானே செட்டுக்குப் போய் காத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார். “வெயில், தூரப் பயணம், ஓட ஓட காத்துக் கூடும். அதால 28க்கு இறக்கி விட்டனான், பயப்பிடாதேங்கோ” என்றார். நாங்களும் பயப்பிடவில்லை.

புத்தளம், அனுராதபுரம், வவுனியா எல்லாம் பாட்டோடு போனது. மாங்குளம் தாண்டி, முறிகண்டியில் நிறுத்தி கச்சான் வாங்குவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறபோது பின்பக்கம் இடது சில்லிலிருந்து ஒரு சத்தம். வெடித்த சத்தம் இல்லை, துணியை உதறி உதறி அடிக்கிற மாதிரி. பிறகு கார் தன்பாட்டில் ஒரு பக்கம் இழுத்தது. ஓடினவன் பிரேக்கைச் சட்டென்று மிதிக்காமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஓரங்கட்டினான். எதிரே லொறி எதுவும் வரவில்லை. (எவ்வளவு வேகத்தில் போனோம் என்று இங்கே எழுதவில்லை. வீட்டில் வாசிப்பினம்.)

ஸ்பெயார் சில்லை எடுத்தால் அது ஒல்லியான அவசரச் சில்லு. அதன் பக்கத்திலேயே 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பிஎஸ்ஐ, என்று அடித்திருக்கிறது. உள்ளே இருந்த காத்து கையால் அமத்தினால் அமுங்குகிற அளவு. கார் வாங்கின நாளிலிருந்து ஒருவரும் அதைப் பார்த்திருக்கவில்லை. வழியில் வந்த ஒரு லான்ட்மாஸ்டர்காரர் இரக்கப்பட்டு உதவ, ஒருமாதிரி ஒரு டயர் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைக்கார அண்ணை கிழிந்த டயரை றிம்மிலிருந்து கழற்றிக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து ரெண்டு பிடி கறுப்புத் தூள் கொட்டுண்டது. “இது ஆணி இல்லைத் தம்பி. காத்துக் காணாமல் ஓடி, பக்கச் சுவர் மடிஞ்சு மடிஞ்சு தன்னைத்தானே அரைச்சிருக்கு.”

வீட்டில் சொன்னோம். அங்கிள் நம்பவில்லை. சூட்டில் காத்துக் கூடுவது உண்மைதானே, பிறகெப்படி என்று கேட்டார்.

அங்கிள் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் இதில் வில்லங்கம். ஓடும்போது டயர் சூடாகும், உள்ளே அமுக்கம் கூடும். குளிரில் 33 இருந்தால் ஒரு மணித்தியாலம் ஓடின பிறகு 37, 38 காட்டலாம். ஆனால் டயர் செய்கிறவர்களுக்கும் கார் செய்கிறவர்களுக்கும் இது தெரியும். அவர்கள் எழுதித் தருகிற எண் குளிர்ந்த டயருக்கான எண். கார் மூன்று மணித்தியாலமாவது நின்றிருக்க வேணும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. சூட்டில் ஏறப்போகிற நாலைந்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் தருகிறார்கள். நாங்கள் முன்கூட்டியே குறைத்தால் என்ன நடக்கும்? காத்துக் குறைந்த டயர் நிலத்தில் கூடுதலாகச் சப்பையாகும், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் கூடுதலாக மடியும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள், வளைகிற இடம் சுடும். இறப்பரும் அப்படித்தான். சூடு கூடும் என்று பயந்து காத்தைக் குறைத்தால் குறைத்ததாலேயே சூடு கூடும். அதற்கு மேலே ஐந்து பேரும், மாமியின் சூட்கேஸும், ஓகஸ்ட் மாதத்து வன்னி வெயிலும்.

அப்ப இந்தக் குறைத்துவிடுகிற புத்தி எங்கேயிருந்து வந்தது? இதுதான் எங்களுக்கு உண்மையில் சுவாரசியமாக இருந்தது. எங்கட அப்பாமார் மடையர்கள் இல்லை. அவர்களுக்கு ஞாபகமிருக்கிற ஏ9 வேற றோட்டு. சமாதான காலத்தில் 2002இல் திறந்தபோது அது குண்டும் குழியுமாகக் கிடந்த பாதை. 2006 ஓகஸ்டில் திரும்ப மூடினார்கள். போர் முடிந்த பிறகுதான் மறுபடி ஓட முடிந்தது. அந்தப் பாதையில் ஊர்ந்து ஊர்ந்து போகிறவனுக்கு காத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் குலுக்கல் குறையும், கல்லில் அடிபட்டாலும் தாங்கும். அந்த வேகத்தில் டயர் சூடாகவும் மாட்டாது. பாதைக்குப் பொருத்தமான அறிவு அது. இப்ப அதே பாதை கார்பட். பக்கத்தில் போகிற சொகுசு பஸ்ஸோடு போட்டி போட்டுக்கொண்டு மணித்தியாலக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறோம். றோட்டு மாறிவிட்டது, புத்திமதி மாறவில்லை.

மற்றப் பக்கத்துப் புத்திமதியும் இருக்கிறது: “தூரம் எண்டால் நல்லா இறுக்கி 40 அடி.” 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தில் இது பரவினது. கியூஆர் கோட்டில் கிடைக்கிற லீற்றரை இழுத்து ஓட ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். காத்துக் குறைந்தால் எரிபொருள் வீண் என்பது சரி. அமெரிக்க அரசின் கணக்கில் நாலு சில்லிலும் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறையவும் சுமார் 0.2 வீதம் கூடுதலாக எரியும். அதற்காக ஏழெட்டுக் கூட்டி அடித்தால் மிச்சம் பிடிப்பது ஒன்றரை வீதம் வரும். இழப்பது நிலத்தோடு ஒட்டுகிற பிடி. டயரின் நடுப்பகுதி மட்டும் றோட்டில் படும், நடு மட்டும் தேயும், மழையில் பிரேக் பிடிக்கத் தூரம் எடுக்கும். 40 என்ற எண்ணே எங்கேயிருந்து வந்தது என்று தேடினால், டயரின் பக்கத்தில் 44 அல்லது 51 என்று அச்சடித்திருக்கிறது என்பார்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச எல்லை. மருந்துப் போத்தலில் இதற்கு மேல் குடிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தால் அவ்வளவையும் குடிக்கச் சொல்லி எழுதினதாக எடுப்போமா?

சரியான எண் டயரில் இல்லை. அது காரில் இருக்கிறது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடுகிற தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர். பத்து வருசமாக எங்கட வீட்டுக் கார்களில் ஏறி இறங்கினவர்கள் நாங்கள், ஒருவரும் அதைக் கண்டதில்லை. கண்டாலும் என்ன, அது முழுக்க ஜப்பான் எழுத்து. மொழி உரிமை பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதிச் சமர்ப்பிக்கிற எங்களுக்கு இது நல்ல பகிடி. எங்கட உயிரைத் தாங்குகிற எண் தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. ஆனால் எண் எண்தான். டயர் அளவுக்குப் பக்கத்தில் 230 என்று கிடந்தது. அது கிலோபாஸ்கல். ஏழால் பிரித்தால் ஏறத்தாழ பிஎஸ்ஐ வரும். 33. சில கார்களில் முன்னுக்கும் பின்னுக்கும் வேற வேற எண் இருக்கும். சிலதில் ஆட்களும் சாமானும் நிறைய இருந்தால் இவ்வளவு என்று இன்னொரு வரி இருக்கும். ஸ்டிக்கரில் உள்ள டயர் அளவும் காரில் பூட்டியிருக்கிற டயர் அளவும் ஒன்றா என்றும் பாருங்கள், அலோய் மாத்தின கார்களில் ஒன்றாக இராது.

33க்குப் பதில் நாங்கள் 28இல் போனோம். ஐந்துதானே என்று தோன்றும். டயரில் காத்து மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவில் தானாகவே கசியும். செட்டில் இருக்கிற கேஜ் ரெண்டு கூடக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. பின்னேரம் ஓடிப்போய்ச் சூடாக அளந்த 28, விடியக் குளிரில் 25 ஆகவும் இருந்திருக்கலாம். இப்ப கனடா மாமாவின் கதைக்கு வாருங்கள். “எங்கட காரில காத்துக் குறைஞ்சால் லைட் எரியும், நாங்கள் ஒண்டும் பாக்கிறேல்லை” என்றார். அந்த லைட்டின் விதியை அமெரிக்கா வகுத்தபோது, பரிந்துரைத்த அளவிலிருந்து 25 வீதம் குறைந்தால் எரிய வேணும் என்றுதான் வைத்தது. 33க்கு அது ஏறத்தாழ 25. அதாவது மாமாவின் காரில் லைட் எரிகிற இடத்திலிருந்துதான் நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டிருக்கிறோம். அந்த லைட் எங்கட காரில் இல்லவும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் கார்களுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருசமும் இங்கே இருந்த பழைய கார்களையே தேய்த்துத் தேய்த்து ஓடினோம்.

அந்த லைட் வந்த வரலாறு நல்ல வரலாறு இல்லை. ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற ஜீப்பில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டி ஓடும்போதே கழன்றது. முதலில் சவூதி அரேபியா, வெனிசுவேலா போன்ற வெயில் நாடுகளில் இந்தக் கதை வந்தது, அங்கே ஓட்டுகிற விதம் பிழை என்று சமாதானம் சொன்னார்கள். பிறகு அமெரிக்காவிலேயே ஜீப்புகள் உருண்டன. 2000 ஓகஸ்டில் பாவனையிலிருந்த சுமார் 65 இலட்சம் டயர்களைத் திருப்பி எடுப்பதாக அறிவித்தார்கள். இந்த டயர்களோடு 270க்கும் மேற்பட்ட மரணங்களை அந்த நாட்டு வீதிப் பாதுகாப்பு நிறுவனம் தொடர்புபடுத்தியது. அந்த ஜீப்புக்கு ஃபோர்ட் கொடுத்த எண் 26. டயர் கொம்பனி 30 போடச் சொன்னது. டயர் பிழை என்றது ஃபோர்ட், ஜீப் பிழை என்றது ஃபயர்ஸ்டோன். ஏறத்தாழ நூறு வருசத்து உறவு 2001இல் அறுந்தது. டயரைச் செய்த விதத்திலும் பிழை இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 26இல் தொடங்குகிறவனுக்கு கவனக்குறைவுக்கு இடமே இல்லை. நாலைந்து கசிந்தால் 21.

அப்படியென்றால் கொம்பனி ஒட்டின ஸ்டிக்கரை மட்டும் ஏன் நம்ப வேணும் என்று எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. நியாயமான சண்டை. நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது: ஸ்டிக்கர் எண்ணைத் தரை என்று வையுங்கள், கூரை என்று வைக்காதீர்கள். பாரம் ஏற்றித் தூரம் போகிற நாளில், வேற எண் எழுதியிராவிட்டால், ரெண்டு கூட இருப்பதால் ஒன்றும் ஆகாது. ரெண்டு குறைய ஒரு நாளும் வேண்டாம். இடையில் நிறுத்தி அளந்து 38 காட்டுகிறது என்று பயந்து திறந்துவிடவும் வேண்டாம். அது சூட்டின் எண். திறந்துவிட்டால் ஆறின பிறகுதான் எவ்வளவு இழந்தோம் என்று தெரியும்.

கண்டி, நுவரெலியா போகிறவர்களுக்கு ஒரு இடைச்செருகல். குளிரில் காத்துக் குறையும், அதனால் கொழும்பிலேயே கூட்டி அடி என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம் (சாதாரண தரத்தில் படித்த விஞ்ஞானம், மறந்துபோகாதது). கொழும்பு 30 பாகையில் அடித்த 33, நுவரெலியாவின் விடியற்காலை 12 பாகைக்கு இறங்கினால் குளிரால் சுமார் மூன்று குறையும். ஆனால் கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரத்தில் வெளிக் காத்தின் அமுக்கமும் ஏறத்தாழ மூன்று பிஎஸ்ஐ குறைவு, கேஜ் காட்டுவதோ உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. கழித்துக் கூட்டினால் அதே 33. ஒன்றும் செய்யத் தேவையில்லை. கணக்குப் போட்டவன் அரசறிவியல் மாணவன், அவனுக்கு இதில் இன்னும் தலைக்கனம்.

நைட்ரஜனும் அப்படி. காசு கூட வாங்கிக்கொண்டு பச்சை மூடி போட்டு விடுவார்கள். நாங்கள் சுவாசிக்கிற காத்திலேயே 78 வீதம் அதுதான். கசிவு கொஞ்சம் குறையும், அவ்வளவே. அந்தக் காசுக்கு ஒரு கேஜ் வாங்கலாம்.

மழைக்காலத்துக்கு இன்னொரு எண். தண்ணீர் தேங்கின தரையில் சில்லு நிலத்தை விட்டு மிதக்கத் தொடங்குகிற வேகத்தை 1960களில் நாசா விமானச் சில்லுகளில் ஆராய்ந்து, அது அமுக்கத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது என்று கண்டது. அந்தச் சூத்திரத்தில் 33ஐப் போட்டால் மணிக்கு 95 கிலோமீற்றர் சொச்சம் வருகிறது, 24ஐப் போட்டால் 80 சொச்சம். கார் டயருக்குத் தவாளிப்பு இருப்பதால் அப்படியே பொருந்தாது, தேய்ந்த டயர் என்றால் கிட்டத்தட்டப் பொருந்தும். தெற்கு அதிவேக வீதியின் எல்லை 100. ஒக்டோபர் மழையில் காலிக்குப் போகிறவர்கள் யோசியுங்கள்.

இனி நாங்கள் உண்மையில் எழுத வந்த விசயம். கீயத என்று கேட்கிறபோது எங்கட அப்பாமார் ஏன் எண் சொல்வதில்லை? தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. செட்டில் எங்கட வாய் சின்னதாகிவிடும். போர்க்காலத்துக் கொழும்பில் செக்பொயின்டில் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லி, குறையக் கதைத்து, கெதியாக நகரப் பழகின தலைமுறை அது. சிங்களம் அவர்களுக்கு எங்களைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் “அண்ணே, அந்தக் கேஜை ஒருக்கா காட்டுங்கோ” என்று கேட்பது அவர்களுக்கு வம்பு மாதிரிப் படுகிறது. அம்மாமார் ஓடுகிற வீடுகளில் இன்னும் மோசம். எங்களில் ஒருத்தி தன் அம்மாவோடு போய் எண் சொல்லி அடிக்கச் சொன்னபோது, வரிசையில் பின்னுக்கு நின்ற எங்கட ஆள் ஒருவர் இறங்கி வந்து “தங்கச்சி, 30 காணும், இதெல்லாம் ஏன் மினக்கெடுறியள்” என்றார். தமிழில்தான் சொன்னார். அந்தக் கார் என்ன கார் என்றுகூட அவர் பார்க்கவில்லை.

எங்களில் இரண்டு பேரிடம் லைசென்ஸ் இருக்கிறது. ரிவர்ஸ் எடுப்பது, பலகைகளின் அர்த்தம், எல்லாம் கேட்டுத்தான் தந்தார்கள். சில்லைத் தொட்டுப் பார் என்று பழக்கினவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. இதைச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? கதவைத் திற, ஸ்டிக்கரைப் பார், காலமையில் அள, ஸ்பெயாரையும் அள. டயர் பழசா என்று பார்க்கப் பக்கச் சுவரில் ஒரு முட்டை வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. எங்கட கிழிந்த டயரின் இலக்கத்தைப் பார்த்தபோது நாங்கள் ஓ/எல் எழுதவில்லை.

அங்கிள் ஒரு மாதம் இதைப் பற்றிக் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனவர் ஒரு கேஜ் வாங்கிக்கொண்டு வந்தார், பேனை அளவு, கிளவ் பொக்சுக்குள் போடுகிறது. ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டார். கீழே கனடா மாமா தன் காரின் ஸ்டிக்கரைப் போட்டார். அதற்குக் கீழே லண்டன் சித்தப்பா. எல்லாரும் வேற வேற எண்.

போன ஞாயிறு காலமை அங்கிளோடு காலி வீதிச் செட்டுக்குப் போனோம். அண்ணா குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். கீயத? அங்கிள் எங்களைப் பார்த்தார், பிறகு “திஸ் துனய்” என்றார். முப்பத்து மூன்று. அண்ணா ஒரு செக்கன் நின்று, ஸ்டிக்கர் இருக்கிற தூணைக் குனிந்து பார்த்துவிட்டு தலையாட்டினார். முன் இரண்டும் 32. பின் வலது 32. பின் இடது 26. மூன்று கிழமைக்கு முதல்தான் நாலையும் சரி பார்த்திருந்தோம். சில்லை மெல்ல உருட்டிப் பார்த்தார். தவாளிப்புக்குள் ஒரு ஆணி, தலை மட்டும் மினுங்கிக்கொண்டு.